திரும்பி வந்த குடமிளகாய் பாட்டில்

புருஷனுடைய கண்ணுக்கும் கைகாலுக்கும் சாமியிடம் வேண்டிக்கொள்ளும் பெண்கள் நிறைய உண்டு. மூக்குக்கு வேண்டிக்கொண்டவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவி, பிறகு கேஸ் உலையில் காயவைக்கும் கம்பெனி ஒன்றில் என் கணவர் கான்ட்ராக்ட் ஆள். அவர் வேலை செய்த பக்கத்தில் ஷிஃப்டுக்கு நாலு பேர். கேஸ் கசிந்தால் அடிப்பதற்கென்று சுவரில் ஒரு மணி இருந்தது. அது காரணமே இல்லாமல் அடித்துத் தொலைக்கிறது என்று யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

"மணி இன்னாத்துக்கு? மூக்கு இருக்குதே. வாசனை வந்துச்சின்னா எல்லாத்தையும் உட்டுட்டு ஓட வேண்டியதுதான்" என்பார் அவர். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் இருக்கும், புது மெஷின் ஒன்றைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மதியத்தில் பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுப்பாராம். சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடமிளகாய், பூண்டோடு எண்ணெயில் மிதக்குமாம். ஒருநாள் இவருக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. இன்ஜினியர் ஊர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகியும் இவர் விடவில்லை.

"அந்தச் சுட்ட வாசனை இருக்குதே... நீ ஒருவாட்டி செஞ்சி பாரேன்."

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்று கிண்டல் செய்தேனே தவிர, எதற்கு இத்தனை பிடிவாதம் என்று கேட்கத் தோன்றவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவர் இப்படி அடம்பிடிக்கிற ஆளே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் பஜாரில் குடமிளகாய் என்றால் பச்சைதான். சிவப்பு வாங்க ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். பளபளவென்று எட்டுக் காய் வாங்கிவந்தேன். அந்த இன்ஜினியரின் பாட்டிலில் இருந்தது ஆலிவ் எண்ணெயாம். அது அப்போது எங்கள் ஊரில் மருந்துக் கடையில்தான் கிடைக்கும், குழந்தைக்குத் தேய்த்துவிட. அதைப்போய் வாயில் வைப்பதா என்று நல்லெண்ணெயே போதும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் தீயின்மேலேயே குடமிளகாய். சட்னிக்குக் கத்திரிக்காய் சுடுகிற மாதிரிதான். தோல் வெடித்து, கருகி, இனிப்பும் புகையுமாக ஒரு வாசனை வீடெல்லாம் பரவியது. அவர் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுட்ட காய்களை மூடிவைத்து, ஆறியதும் பின்பக்கக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் தோலை உரித்தேன். திரும்பி வந்தால் பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. தெருவரைக்கும் நாற்றம். இவர் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாங்க, பால் தீயறது தெர்லியா?"

"பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன்ல" என்றார். முகத்தில் திருட்டுக் களை.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டேன். வாசனை வந்தால் ஓடுவேன் என்கிற மனிதருக்கு வாசனையே வராவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி ஈரத்துணி மாதிரி என்மேல் ஒட்டிக்கொண்டது.

மதியம் மீஞ்சூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. மீதியிருந்த இரண்டு காயை நான் தீயில் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா பொண்ணே, மொளகா எரியுது, ஒரு நெடி வர்ல? ஊட்டுக்கு எவ்ளோ கண்ணு பட்டிருக்குது!"

இது காரமில்லாத மிளகாய், எப்படி எரித்தாலும் நெடி வராது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. வாய் தவறிப் பால் தீய்ந்த கதையையும் சொல்லிவிட்டேன். போதாதா? தம்பியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, காய்ந்த மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்து மூன்று முறை சுற்றி, கரித் தணலில் போட்டார். அடுத்த நொடி வீடே இருமியது. பக்கத்து வீட்டில் இருமினார்கள். என் கணவர்தான் எல்லோரையும்விட அதிகமாக இருமினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, நெடி தூக்குது. கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. தம்பிக்கு மூக்கு மூக்கா இருக்குது" என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னார்.

எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. மிளகாய் தொண்டையைத்தான் பிடிக்கும், இருமுவதற்கு மோப்பம் தேவையில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி ரொம்பப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த இருமலை நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை.

உரித்த குடமிளகாயை நீளநீளமாகக் கிழித்து, பச்சைப் பூண்டு நறுக்கிப் போட்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் உப்பு சேர்த்து, மேலே மூழ்க எண்ணெய் ஊற்றினேன். அந்த இன்ஜினியரின் பாட்டிலில் உப்பு கம்மி என்று இவர் சொல்லியிருந்ததால் நானும் கையை இறுக்கிக்கொண்டேன். இரண்டு பாட்டில் வந்தது. ஒன்று கம்பெனி ஆட்களுக்கு, ஒன்று நாத்தனாருக்கு.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. ஆனால் ஊறுகாயை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா? மேலே எண்ணெய் நின்றால் எமனுக்கும் உள்ளே வழியில்லை என்று கேட்டு வளர்ந்தவள் நான். மாவடுவும் எலுமிச்சையும் போட்டுப் பெயர் வாங்கிய கை வேறு. வாயில் துணி கட்டி மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் வைத்தேன். பிறகு மூடியை இறுக்கி அலமாரியில் ஏற்றினேன். சித்திரை மாதம். வீட்டுக்குள்ளேயே சுவர் சுடும்.

வெள்ளிக்கிழமை ஒரு பாட்டிலைத் திறக்காமல் அப்படியே கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை சாயந்திரம் அது திரும்பி வந்தது. நாலு பேரில் ஒருவர் பழவேற்காட்டுக்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அவர்தான் காலி பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவி, வெறும் பாட்டிலாகத் தரக்கூடாது என்று பேரீச்சம்பழம் நிரப்பி அனுப்பியிருந்தார்.

"இன்னா சாப்பாடு தெரியுமா! நாலு பேரும் வழிச்சி வழிச்சி தின்னோம். தங்கச்சி கைக்கு வளையல் போடணும்னு பாய் சொன்னாரு. வாசனை ஆள தூக்குதுன்னாரு" என்றார் இவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாருக்கென்று வைத்திருந்த பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து அவர்களுக்கு அனுப்பலாம் என்று அலமாரியிலிருந்து இறக்கினேன். மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் மாதிரி ஒரு சத்தம். எண்ணெய் நுரைத்து விரல்மேல் வழிந்தது. அப்புறம் அந்த நாற்றம். அழுகிய பூண்டும் சாக்கடையும் கலந்த மாதிரி. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

அவர் பக்கத்தில்தான் நின்றார். பாட்டிலுக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாதான் இருக்குது. நேத்துகூட இப்பிடித்தான், லேசா புளிப்பு ஏறி சூப்பரா இருந்துச்சி."

பாட்டிலைப் பிடுங்கிக் குழாயடிக்கு எறிந்தேன். அவர் வாயில் விரலை விட்டுத் துப்பவைத்தேன். கத்தினேன், அழுதேன். கெட்டுப்போனதைத் தின்றிருக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பிரமை பிடித்தவர்போல உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து" என்றார் தரையைப் பார்த்து. "அந்த இன்ஜினியர் குடுத்தாரே, அதான் கடைசியா எனக்கு வாசனை தெரிஞ்சது. அதையே செஞ்சா மறுபடி வரும்னு நெனச்சேன்."

கழுதை, கற்பூரம் என்று நான் வாய்க்கொழுப்பில் பேசியதெல்லாம் அப்போது எனக்கே திரும்பி வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஏங்க சொல்லல? நாளைக்கே கேஸ் கசிஞ்சா?"

"சொன்னா கான்ட்ராக்ட்காரன் வேற ஆள போட்டுடுவான். கேஸுக்கு இன்னா, பக்கத்துலயே பாய் இருக்காரு, அவரு மூக்கு..."

சொல்லிக்கொண்டே மேஜையைத் திரும்பிப் பார்த்தார். மேஜைமேல் பாயின் பேரீச்சம்பழம் இருந்தது. வாசனை ஆளைத் தூக்குகிறது என்று சொன்னவர் பாய். மற்ற இரண்டு பேரும் பாட்டிலை வழித்துத் தின்றவர்கள். நாலு பேரும் தினம் நின்றது அதே ஆசிட் புகையில்தான். இவர் பாயின் மூக்கை நம்பியிருந்தார். பாய் யார் மூக்கை நம்பியிருந்தாரோ.

"ஒருத்தருக்குக்கூட நாறலையா?" என்றேன்.

"காக்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்து சேர்ந்து இன்னும் ஒரு வாரம் ஆவல, அஞ்சாவது ஆளு. அவரு மட்டும் மூக்கப் பொத்திக்கினு எழுந்து போய்ட்டாரு. ஊட்டுச் சாப்பாட்ட மதிக்கத் தெரியாதவன்னு நாங்க நாலு பேரும் திட்டினோம்."

"அவரு பக்கத்துலயே நில்லுங்க. அவர உட்டு நகராதீங்க."

"அவரு இல்ல. இந்த எடத்துல நாத்தம் தாங்கலன்னு நேத்து சாயந்தரமே வேலைய உட்டுட்டுப் போய்ட்டாரு."

கம்பெனி வாசலில் போய் நின்று நானே சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவர் தடுக்கவில்லை. "போ. நாலு ஊட்டு அடுப்ப நீயே அணைச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார். செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் சோம்பேறியும் இல்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் போகவில்லை.

ஞாயிறு முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை. மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆள் மூலம் தெரிந்தது. சாமி காப்பாற்றியது என்று நாத்தனார் போனில் சொன்னார். எதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலு பேரும் வேலைக்குப் போனார்கள்.