மரியபுஷ்பம் டீச்சரின் முகம்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது டீச்சரின் மகள் ஜெனியின் போன் வந்தது. "அக்கா, அம்மா போயிட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வந்து அம்மா முகத்தப் பாத்து விடுறீங்களா?" வாரேன் என்றேன். ஷட்டரை முழுவதும் தூக்கி, தரையைப் பெருக்கி முடித்துவிட்டு, பிறகுதான் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள் திண்டுக்கல்லில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவரிடம் படித்தவள் அல்ல. பியூட்டி பார்லர் நடத்துகிறவள். தோல் இறுகிக்கொண்டே போகும் நோய் அவருக்கு. விரல்கள் முழுதாக மடங்காது. வாய் சுருங்கி, முகம் இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள். கடைக்கு வந்த முதல் நாளே மதுரை டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார்: ப்ளீச் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. க்ரீம் தடவி மெல்ல நீவலாம். புள்ளிகளை மேக்கப்பால் மறைக்கலாம். "நோய டாக்டர் பாத்துக்கிருவாரு. நீ மூஞ்சிய மட்டும் பாத்துக்க" என்றார்.

ஒருநாள் க்ரீம் தடவும்போது சொன்னார்: "புதுசா வந்த பிள்ளைங்க, டீச்சர் எப்பவும் கோவமாவே இருக்காங்கன்னு வீட்ல போய்ச் சொல்லுதுங்க. அதான், 'நான் சிரிச்சா மூஞ்சில தெரியாது, சிரிக்கிறப்ப கையத் தூக்குறேன்'னு சொல்லிட்டேன். மறுநாள் ஒருத்தி கோக்குமாக்கா ஒரு விடை சொன்னா. நான் கையத் தூக்குனேன். அம்புட்டுப் பேரும் தூக்கிட்டாளுக."

அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம். பக்கத்து நாற்காலிப் பெண் டீச்சரைப் பார்த்துவிட்டு, "இது ஒட்டிக்கிருமா?" என்று என்னிடம் கேட்டாள். ஒட்டாது என்று எனக்குத் தெரியும். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அன்று சாயங்காலமே டீச்சருக்குப் போன் செய்து, இனி மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். அப்போது கடையில் யாரும் இருக்க மாட்டார்கள். "சரிம்மா" என்றார். இரண்டு வருடம் அந்த நேரத்துக்கே வந்தார்.

போன வருடம் ஒருநாள், "டீச்சர், அந்த ரெண்டு மணி விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. உன் பொழப்பு உனக்கு. ஆனா அன்னைக்கு நீ 'ஒட்டாது'ன்னு சத்தமாச் சொல்லுவன்னு நெனச்சேன்."

கோபமா வருத்தமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தொடர்ந்து நீவிக்கொண்டிருந்தேன். அதன்பின் நோய் நுரையீரலுக்குப் போய், படியேறினால் மூச்சு வாங்கி, வருவது நின்றது.

செவ்வாயன்று சவப்பெட்டிக்குள் இருந்தவருக்கு வழக்கம்போலவே செய்தேன். முதலில் க்ரீம், பிறகு புள்ளிகள். என் விரல்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உயிரோடிருந்தபோதும் அந்தத் தோல் அப்படித்தான் இருந்தது. ஜெனி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை.

எவ்வளவு அழுத்தினால் வலிக்காது என்று அவர் முகத்தில் என் விரல்கள் பழகிய அளவு ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்த முதல் பெண்ணின் கன்னத்தில் அந்த அளவில்தான் கை வைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்திச் செய்ங்கக்கா" என்றாள்.