பேட்டரி பக்கத்தில் போடாத ஃபியூஸ்

பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த பாய்க்கும் எனக்கும் பழக்கம் உண்டானது அமெச்சூர் ரேடியோவால்தான். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். இருவரும் உரிமம் வாங்கி, வீட்டில் செட் வைத்து, தினமும் காலையில் பேசிக்கொள்வோம்.

சரக்கெடுக்க அவர் காரில் சென்னை போனால், திரும்பி வரும்வரை அவர் மனைவிக்கு நிம்மதி இருக்காது. அதனால், கார் இருக்கும் இடத்தை ரேடியோ வழியாக அனுப்பும் கருவி ஒன்றை அதில் பொருத்தினேன். கார் நகர்ந்தால் என் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும்; அவர் மனைவி கேட்டால் நான் சொல்லிவிடலாம்.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தேன். ஓட்டையில் ஒயர் உரசாமலிருக்க ரப்பர் வளையம் வேண்டும், போடவில்லை. கையிலிருந்த ஒரே ஃபியூஸைச் சீட்டுக்கடியில், கருவியோடு சேர்த்துவிட்டேன்.

"பேட்டரிகிட்டயும் ஒண்ணு போடணும்னு நீதான பா சொன்ன?" என்றார் பாய்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போட்டுக்கலாம் பாய். அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?"

வியாழக்கிழமை மாலை, பாய் சென்னையிலிருந்து திரும்பும்போது, புள்ளி பொன்னேரியைத் தாண்டி நின்றுவிட்டது. டீ குடிக்க இறங்கியிருப்பார் என்று நினைத்தேன். நானும் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன்.

அந்த நேரத்தில், தகட்டில் உரசித் தோல் கிழிந்த ஒயர் பற்றிக்கொண்டு எரிந்திருக்கிறது. பாய் பானெட்டைத் திறந்து அதை வலது கையால் பிடுங்கியிருக்கிறார். சீட்டுக்கடியில் இருந்த ஃபியூஸ் போகவேயில்லை. ஒயர் உரசிய இடம் பேட்டரிக்கும் அந்த ஃபியூஸுக்கும் நடுவில் இருந்தது; பேட்டரி பக்கத்தில் ஒன்று இருந்திருந்தால்தான் அது போய்க் கரண்டை நிறுத்தியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "அண்ணே, வண்டி எங்க நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்னாரே... நின்னுச்சே, நீங்க பாக்கலயா?" என்றுதான் கேட்டார்.



தீப்புண் ஆறியும் பாயின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். காரை விற்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மிச்ச ஒயரெல்லாம் நீயே கழட்டிடு பா. வேற யாராவது தொட்டா எனக்குப் பயமா கீது."

"தப்பு என்னுதுதான் பாய்" என்றேன்.

"நானும்தான அவசரப்பட்டுக் கைய வெச்சேன், உடு."

அப்படி அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அதன்பிறகு அவர் ரேடியோவில் பேசவேயில்லை. நானும் அவர் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன், பிறகு போகவேயில்லை.