ஆறு சொட்டு நீலம்

கொட்டகை ஒன்றுதான். நடுவில் கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கிய தடித்த பிளாஸ்டிக் திரை அதை இரண்டாக்கியிருந்தது. அந்தப் பக்கம் தம்பி பழைய கார்களில் துரு எடுப்பான். இந்தப் பக்கம் அக்கா அவற்றுக்கு நிறம் கலப்பாள். துருத்தூள் பறந்துவந்து பெயின்ட்டில் விழக்கூடாதென்று கட்டிய திரை என்பதுதான் பேச்சு. தம்பியின் மனைவியைக் கேட்டால், இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கட்டியது என்பாள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்பிக்கு ஐம்பத்திரண்டு, தலை முழுக்க நரைத்தாயிற்று. ஆனாலும் தெருவுக்கே அவன் தம்பிதான், அவள் அக்காதான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "கலர் பொருந்தல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவளுடைய கண்ணுக்கு அப்படி ஒரு பேர். ஒருமுறை நிறத்தை அளக்கும் மெஷின் விற்க ஓர் ஆள் வந்தான். கார் கதவில் மெஷினை வைத்தான், அளவு சொன்னான், அதன்படி ஒரு டப்பா கலந்தான். அக்கா வெறும் கண்ணால் பார்த்து இன்னொரு டப்பா கலந்தாள். இரண்டையும் அட்டையில் தடவிக் காயவைத்துக் கதவோடு சேர்த்துப் பிடித்தபோது, அந்த ஆளே அக்காவின் அட்டையைத்தான் தொட்டான். பாவம், அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அக்கா இந்தக் கதையைச் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது.

பழைய வண்டி வந்தால் வெளியே தெரியும் நிறத்தை அவள் மதிக்கவே மாட்டாள். வெயிலில் அது வெளுத்திருக்கும்; மேலே யார் யாரோ நாலு தடவை அடித்திருப்பார்கள். கதவு ஓரத்து ரப்பர் பட்டையை உரித்து உள்ளே பார்ப்பாள். அங்கே வெயிலே படாமல் கட்டைவிரல் அகலத்துக்கு முதல் நிறம் பத்திரமாக இருக்கும். அதற்கு ஏற்றாற்போல் சொட்டுச் சொட்டாகக் கலந்து, எந்த நிறம் எத்தனை சொட்டு என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். பிறகு டப்பா திரைக்கு அடியில் தம்பியிடம் போகும். அடிப்பது அவன் வேலை. ஸ்பிரே புகை அக்காவுக்கு ஆகாது.

"ஈரமா இருக்கறப்ப எந்தக் கலரையும் நம்பாதே. காயட்டும். வெயில்ல ஒரு தரம் பாரு, நிழல்ல ஒரு தரம் பாரு. உனக்கு முகத்துல இருக்கறது கண்ணா, சட்டைப் பொத்தானா?" என்று திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே கத்துவாள். அந்தப் பக்கம் தம்பி கம்பி பிரஷ் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் கூடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கண்ணில்தான் கோளாறு ஆரம்பித்தது. எல்லாம் லேசாகப் புகை மூடியதுபோல் தெரிந்தது. அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. டியூப்லைட் சரியில்லை என்று மூன்று தடவை மாற்றச் சொன்னாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். கண் போய்விட்டால் இந்தக் கொட்டகையில் அவளுக்கு என்ன இருக்கிறது? தம்பி வீட்டில் ஒரு மூலையும் மூன்று வேளைச் சாப்பாடும் இருக்கும். அதற்கு அவள் தயாரில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேக்கரி வேன் விவகாரம் நடந்தது. வெள்ளை வேன். கதவுகளுக்குப் பெயின்ட் அடித்து அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பார்த்தால், வேன் திரும்ப வந்து நிற்கிறது. தம்பி கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா ஆச்சு?"

"துரு திரும்ப வந்துடுச்சுக்கா."

அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் துரு எடுத்தவனுக்கு இன்னும் துரு எடுக்கத் தெரியவில்லை என்று ஒரு மாதம் பாடினாள். அதற்குப் பிறகும் விடவில்லை. யார் வந்தாலும், "தம்பி துரு எடுத்தா அது நாலு நாள்ல திரும்பி வந்து அவனைப் பாத்துட்டுப் போகும்" என்று சிரிப்பாள். வந்தவரும் சிரிப்பார். தம்பியும் சிரித்து வைப்பான்.

மருந்துக்கடைக்காரர் தன் காரைக் கொண்டுவந்தபோதும் அதே பாட்டுதான். அறுபது வருஷத்துக் கார் அது. ஏதோ ஒரு கிடங்கில் சாக்குகளுக்கு அடியில் கிடந்ததை வாங்கியிருந்தார். கதவுகளின் அடிப்பாகத்தில் கை வைத்தால் உதிர்ந்தது. தம்பி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போனான். நல்ல தகரம் டங்கென்று சொல்லும். துரு தின்ற தகரம் தொப்பென்று சொல்லும். தொப்பென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டான்.

"முதல்ல எந்தக் கலர்ல வந்துச்சோ, அதே கலர்ல வேணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் அக்கா. "துரு விஷயத்துல மட்டும் ஆண்டவன்தான் காப்பாத்தணும். தம்பி எடுத்தா திரும்பி வரும்."

தம்பி நாற்பது நாள் அந்தக் காரோடு மல்லுக்கட்டினான். உதிர்ந்ததை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தான். மிச்சத்தைத் தகரம் வெள்ளையாகப் பளிச்சிடும் வரை தேய்த்து, மேலே துரு மருந்து தடவி, பிரைமர் அடித்து, பள்ளங்களைப் பட்டி பூசி நிரப்பி, தண்ணீர் விட்டுத் தேய்த்தான். அக்கா ரப்பர் பட்டைக்கு அடியில் இருந்த வெளிர் நீலத்தைக் கண்டுபிடித்து நிறம் கலந்தாள். கார் வெளியே வந்தபோது மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தாள். கண் மங்கினாலும் கை தப்பவில்லை என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அவளைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். ஒருநாள் ஒரு காலில் கருநீலமும் மறுகாலில் கறுப்புமாகப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தம்பி மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள், "எனக்குக் கண்ணாடி மாத்தணும், துணைக்கு வாங்க" என்று கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

இரண்டு கண்ணிலும் புரை; மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான், வெளிர் நிறங்கள் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். முதலில் இடது கண்ணுக்கு ஆபரேஷன், இரண்டு மாதம் கழித்து வலது கண்ணுக்கு என்றார்கள். இடது கண்ணின் கட்டை அவிழ்த்ததும் அக்கா சுவரைப் பார்த்தாள். "என்ன டாக்டர், ஒரே நாள்ல சுவத்துக்கு வெள்ளை அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பயம் வேறு உருவத்தில் வந்தது. அப்படியானால் இந்த இரண்டு வருஷமும் கலந்ததெல்லாம் என்ன லட்சணத்தில் இருக்கிறதோ! ஜன்னலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பேக்கரி வேன் போனது. சுத்தமான வெள்ளை, கதவுக்கும் உடம்புக்கும் இம்மியும் வித்தியாசமில்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அவள் கொட்டகைக்குத் திரும்பிய வாரமே மருந்துக்கடைக்காரர் காரோடு வந்தார். வீட்டுக் கேட்டில் உரசிக் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அக்கா நோட்டைத் திறந்தாள். அவள் கையெழுத்தில் எல்லாச் சொட்டுக் கணக்கும் வரிசையாக இருந்தது. எண்ணி எண்ணிக் கலந்து, அட்டையில் தடவி, காயவைத்து, கதவோடு சேர்த்துப் பிடித்தாள்.

பொருந்தவில்லை. கதவு நீலமாக இருந்தது. அட்டையில் பச்சை ஓடியது.

சொட்டு தவறிவிட்டது போல என்று மறுபடி கலந்தாள். மறுபடியும் அதே பச்சை. வெயிலில் பார்த்தாள், நிழலில் பார்த்தாள். பிறகு என்னவோ தோன்றி, ஆபரேஷன் ஆன இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புரை இருந்த வலது கண்ணால் மட்டும் பார்த்தாள்.

அட்டையும் கதவும் ஒன்றாக இருந்தன.

இடது கண்ணைத் திறந்தாள், வெவ்வேறு நிறம். மூடினாள், ஒரே நிறம். அக்கா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கலந்து கொடுத்தது இந்தப் பச்சையைத்தான். கார் வெளியே வந்தது சரியான நீலத்தில். நடுவில் அந்த டப்பாவைத் தொட்டது ஒரே ஓர் ஆள். அப்படியானால் பேக்கரி வேன்? அதில் திரும்பி வந்தது துருதானா?

எழுந்துபோய்த் திரையை விலக்கினாள். தம்பி ஒரு ஜீப்பின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பேக்கரி வேன்ல துரு வந்துச்சா?"

"எந்த வேன்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. வந்துச்சா, வரலையா?"

பிரஷ் நின்றது. "வரல."

"பின்ன?"

"கதவு மஞ்சளா இருந்துச்சுக்கா. பேக்கரிக்காரர் கொண்டுவந்து காமிச்சாரு. நீ வீட்டுல இருந்தே."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அப்புறம் நீ டப்பாவைத் தொட்டிருப்பியா?"

தொட்டிருக்கமாட்டாள். அவளுக்கே தெரியும்.

"கண்ணைக் காட்டுன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் டியூப்லைட்டை மாத்தச் சொன்னே."

"அன்னைலேர்ந்து எல்லாத்துலயும் கை வெச்சியா?"

"எல்லாத்துலயும் இல்ல. சிவப்பு, கறுப்பெல்லாம் நீ சரியாத்தான் பண்ணினே. வெளிர் கலர்ல மட்டும்தான்."

"உனக்குத்தான் கலரே தெரியாதே!"

"முப்பது வருஷமா உங்கிட்ட திட்டு வாங்கறேன். கொஞ்சம்கூடவா ஏறாது?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாதென்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் அவனை இளக்காரம் பண்ணியாயிற்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பேர் தப்பித்திருக்கும். அவன் சொல்லவில்லை.

"இந்தக் காருக்கு எத்தனைடா?" என்று கேட்டாள், கூரையைப் பார்த்தபடியே.

"நீலம் ஆறு சொட்டு. கறுப்பு, குச்சி நுனில தொட்டு ஒரே ஒரு துளி" என்றான். யோசிக்கவே இல்லை.

அவள் திரும்பி வந்து அதையும் நோட்டில் எழுதினாள். பக்கத்தில், தம்பி என்று எழுதினாள்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தார். குனிந்து கதவைத் தடவிப் பார்த்தார். கோடு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அக்கா கண்ணுன்னா சும்மாவா!" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "என்ன தம்பி, உன் துரு எதுவும் திரும்பி வந்து எட்டிப் பாக்கலையே?"

தம்பி வழக்கம்போல் சிரித்தான்.

"இருங்க சார்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "நான் சொன்னது பொய். இவன் எடுத்த இடத்துல துரு திரும்பி வந்ததே கிடையாது, ஒரு வண்டிலகூட வந்தது கிடையாது. கோளாறு என் கண்ணுல இருந்துச்சு. உங்க கார்ல இருக்கற கலரும் இவன் சரிபண்ணினதுதான். நான் சொன்னதை எத்தனை பேர்கிட்ட சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் இதையும் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி முகத்தைக் காட்டாமல் சட்டென்று கீழே குனிந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் கதவின் அடியில் தட்டினான். டங்கென்றது.

"கெட்டியா இருக்கு சார்" என்றான். "எடுத்துட்டுப் போங்க."