பரணில் சுற்றிய ஆன்டெனா

சதுரங்கப்பட்டினத்து உப்புக் காற்றில் எந்த இரும்பும் உருப்பட்டதில்லை. எங்கள் ஓட்டு வீட்டின் மேல் நைனா நட்ட இரண்டு ஆன்டெனாக் கம்பங்களும் துருவேறிச் சாய்ந்தன. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவதை வீட்டுக்குள்ளேயே, ஓட்டுக்கு அடியில் உள்ள பரணில் வைக்கப்போவதாக அவர் சொன்னபோது அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கேட்ட மாதிரி இலங்கைத் தமிழ் வானொலியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. போனில் போட்டுக் காட்டினேன்.

"இது போன் பாட்டு. எனுக்குக் காத்துல வர்ற பாட்டுதான் வோணும்," என்றார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

கழித்துப்போட்ட பஸ்ஸின் வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், அலுமினியக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஆன்டெனா ஆயின. கீழே சுவிட்சை அழுத்தினால் பரணில் கரகரவென்று திரும்பும். அந்தக் கர்ணகடூரமான சத்தத்துக்கு இன்று நான் ஏங்குகிறேன்.

வடக்கே திருப்பினால் சென்னை ஸ்டேஷன்கள் காதைப் பிளந்தன. அவை ஆணியில் கம்பி கட்டினாலே வரும். தெற்கே திருப்பினால் வெறும் இரைச்சல். மோட்டாரைத் திட்டினார், ஒயரைத் திட்டினார். ஒருநாள் பரணிலிருந்து இறங்கி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பரணின் தெற்குப் பக்கம் முழுக்க என் கல்யாணச் சீருக்கு அம்மா சேர்த்த பாத்திரங்கள். பித்தளை அண்டா, குடம், எவர்சில்வர் தூக்கு என்று ஓடு வரைக்கும் அடுக்கியிருந்தாள். இலங்கை அதைத் தாண்டி வர வேண்டும்.

எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பாத்திரங்கள் மேலே இருக்கும்வரை அம்மா நம்பிக்கையை விடவில்லை.

"எறக்கிடலாம்மா," என்றேன்.

"வாயக் கழுவு. சீர் சாமான மாப்ள வூட்டுக்குப் போறப்பதான் எறக்கணும்."

"மாப்ளையே இல்லியே."

அம்மா உள்ளே போய்விட்டாள். நைனா என்னை முறைத்தார்.

"சும்மா கெட. பாட்டு இன்னா பெரிய பாட்டு," என்று ரேடியோவை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பவே இல்லை. அம்மாவின் மனதை உடைத்தோம், அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியடியில் நின்றாள்.

"நீ மேல ஏறி ஒண்ணொண்ணா குடு. ஒங்க நைனா மூஞ்சியப் பாக்க முடில."

கடைசிக் குடமும் இறங்கியபின் நைனா சுவிட்சை அழுத்தினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் அறிவிப்பாளரின் இலங்கைத் தமிழ், பின்னாலேயே ஒரு பழைய பாட்டு. நைனா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுப்பங்கரையில் அம்மா ஒரு வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் என் பெயர் வெட்டியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்காக விட்ட இடம் வழவழவென்று காலியாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. அம்மா கவனித்துவிட்டாள்.

"அது அப்டியே கெடக்கட்டும். சோறு உள்ளாரதான வேவுது," என்று பானையை என் கையில் கொடுத்து, அரிசி களையப் போனாள்.