ஆள் குடியிருப்பு இல்லை

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இரணியல் செல்வதாஸ் பொய் பேசத் தெரியாத மனிதர். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே ஒரு பொய்யைப் பற்றியதுதான் இது.

1951-ம் வருடம். குலசேகரத்துக்கு மேலே மலையடியில் அணை கட்டுவதற்காக சர்க்கார் நிலம் எடுத்தது. ஒவ்வொரு வீடாகப் போய் அளந்து, யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதுவது செல்வதாஸின் வேலை. அவர் எழுதினால்தான் வீட்டுக்கு விலை உண்டு; அருமனைப் பக்கம் பத்து சென்ட் மாற்று இடமும் உண்டு.

பூங்கனியின் மண்வீடு ஓடைக்கு அக்கரையில், எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. பிப்ரவரியில் அவர் போன அன்று நல்ல மழை. வழியெல்லாம் அட்டை. இக்கரையில் நின்றபடியே ஒரு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. 'ஆள் குடியிருப்பு இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்.

மார்ச் பதினான்கு, புதன்கிழமை மதியம். குலசேகரத்தில் சாயா குடிக்க உட்கார்ந்தபோது கடைக்காரர் தாணுலிங்கம் பேச்சுவாக்கில் சொன்னார்.

"எல்லாரும் ரூவா வாங்கிட்டு எறங்கிப் போயாச்சு. பூங்கனிக்கு மட்டும் ஒண்ணும் வரல்லியாமே சாரே?"

"அவ அங்கயா இருக்கா?"

"வேற எங்க போவா? ஒத்தையில காய்ச்சலோட கெடக்கான்னு போன மாசமே சொன்னாவ."

செல்வதாஸ் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். புதுத் தாளும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அப்போதே புறப்பட்டார்.

ஓடையைத் தாண்டும்போது மணி மூன்று இருபது. பளீரென்ற வெயில். சுற்றிலும் வீடுகள் இடிந்து கிடந்தன. பூங்கனியின் வீடு மட்டும் முழுசாக நின்றது. காடு முழுக்கப் பூச்சிகளின் இரைச்சல். வாசலில் கால் வைத்ததும்... அது நின்றது.

"பூங்கனி..."

"கேறி வாங்க சாரே."

உள்ளே இருட்டு. மூலையில் பாயில் படுத்திருந்தாள். நனைந்த மண்ணின் வாடை அடித்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. சர்... சர்...

நாடாவின் நுனியை நீட்டினார். அவள் எழவில்லை. ஆனால் யாரோ பிடித்து இழுத்ததுபோல் நாடா விறைத்தது. தரையை ஒட்டி.

பதினாறு அடிக்குப் பத்து. எழுதினார்.

"எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான்."

சர்... சர்...

"ஆளு உண்டுன்னு எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்."

"வாசிங்க."

வாசித்தார்.

"இன்னொருக்க வாசிங்க."

குரல் பாயிலிருந்து வரவில்லை.

பாய்க்குக் கீழேயிருந்து வந்தது.

"அண்ணைக்கு நீங்க கூப்பிட்டது கேட்டுது சாரே... எந்திச்சு வரத்தான் முடியல்ல."

தான் ஓடவில்லை என்றுதான் செல்வதாஸ் சொல்வார். ஆனால் ஒரு செருப்பு ஓடையோடு போய்விட்டது.

அணை வேலை முகாமுக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஓவர்சீயர் ஆபேல் தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த வீடு?"

"ஓடைக்கு அக்கர. கடைசி வீடு."

"அத திங்கக்கிழமையே இடிச்சாச்சே. ஆளில்லாத வீடுன்னு நீருதானே எழுதியிருந்தீரு? யானைய வச்சு சுவரத் தள்ளினோம். கதவத் தொறந்துகூட பாக்கல்ல."

காட்டானைக்குப் பயந்து இரவில் யாரும் மலையேற மாட்டார்கள். விடிந்ததும் மண்வெட்டியோடு போனார்கள். அங்கே வீடு இல்லை. ஒரு மண்மேடுதான். தோண்டியபோது பாய் தெரிந்தது. பூங்கனி அதில் கிடந்தாள்.

செல்வதாஸ் அந்தத் தாளை மேலே அனுப்பினார், கூடவே தன் ராஜினாமாவையும். விலையும் பத்து சென்ட்டும் பூங்கனியின் தங்கை மகள் சொர்ணம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தன.

செத்தவள்தான் தன்னைக் கூப்பிட்டாள் என்றால் அவர் ஜெபம் செய்துவிட்டுத் தூங்கியிருப்பார். அவரைக் கடைசிவரை தூங்கவிடாதது, பிரேதத்தைப் பார்த்த டாக்டர் சொன்னது.

சுவர் விழுந்து அவள் சாகவில்லை. புதன்கிழமை மாலை ஐந்து மணி வரையாவது உயிர் இருந்திருக்கிறது.