தட்டு என் கைக்கு வருமுன்

பாஸ்டர், நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் யாரிடமும் கேட்காமல் தானாகக் கூரை மேல் ஏறினார் என்றீர்கள். அவர் தானாக ஏறவில்லை. நீங்கள் ஏறச் சொன்னீர்கள். நான் கீழே நின்று என் காதால் கேட்டேன்.

வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. சொல்லிவிடுகிறேன். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே, புதுசாக பிளாட் போட்ட இடத்தில் எங்கள் சபை இருக்கிறது. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். என் வீட்டுக்காரர் ஒத்தக்கடைக்கும் மாட்டுத்தாவணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். நான் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குப் போகிறேன். இரண்டு பேர் வீட்டிலும் அடுத்தவன் வயலில் கூலி வேலை பார்த்த ஜனங்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். முதலில் சபைக்குப் போனவர் அவர்தான். நான் பின்னால் போனேன். பக்தியினால் போகவில்லை. இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன்.

ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட கல். சோறு குழைந்திருந்தால் தட்டு வாசலில் கிடக்கும். கூடப்பிறந்த தம்பி வண்டியூரில் இருக்கிறார். ஒரு பொதுச் சுவருக்காகச் சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. தெப்பக்குளம் சவாரி வந்தால்கூட, தம்பி தெருவுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். பெட்ரோல் வீணாகப் போகிறதே என்றால், "போகட்டும், அவன் மூஞ்சில முழிக்கிறதுக்கு இது மேலு" என்பார்.

ஞானஸ்நானம் எடுத்த மறுவாரம் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக அந்தத் தெருவுக்குள் ஆட்டோவை விட்டார். தம்பி பெண்டாட்டிதான் வாசலில் நின்றது.

"என்ன, இந்தப் பக்கம்? வழி மறந்து வந்துட்டீகளா?"

"இல்லம்மா. ஞாபகம் வந்து வந்தேன்."

உள்ளேயிருந்து தம்பி சத்தம் கொடுத்தார். "எதுக்கு வந்திருக்காராம்? எதுலயாச்சும் கையெழுத்து வேணுமாமா?"

"காபி வேணும்டா. குடுப்பியா, மாட்டியா?"

உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. காபி வந்தது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். திரும்பி வரும்போது ரிங் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த ஆள் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

என் விசுவாசம் என்றால் அவ்வளவுதான். எனக்கு வேதம் அதிகம் தெரியாது. ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேச வராது. இந்த மனுஷன் நெஞ்சை ஒருத்தரால் இளக வைக்க முடிந்தது என்றால் அவர் தேவனாகத்தான் இருக்க வேண்டும். அதை நம்பி நானும் ஞானஸ்நானத்தில் முழுகினேன். இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் இத்தனை கோபம்.

கூரை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. மறுநாள் வெளியூரிலிருந்து பிரசங்கம் பண்ண ஒரு பெரிய ஊழியக்காரர் வருவதாக இருந்தது. கூரை உச்சியில் ஒரு தகரம் பிய்ந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மத்தியானம் நல்ல மழை பெய்து நின்றிருந்தது. வேலைக்கு வந்த ஆண்கள் எல்லோரும் டீ குடிக்க ரோட்டுக்குப் போய்விட்டார்கள். நான் சுவரோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணே, அந்த ஒரு தகரம்தான். ஏறி நாலு ஸ்க்ரூ போட்டுருங்க."

"ஈரமா இருக்கு பாஸ்டரய்யா. கொஞ்சம் காயட்டுமே."

"இருட்டிரும்ணே. காலைல ஆட்கள் வந்துருவாங்க. கர்த்தர் பாத்துக்குவாரு, ஏறுங்க."

ஏறினார். அந்தப் பழைய ஆள் என்றால் ஏறியிருக்க மாட்டார். "நீ ஏறுய்யா மொதல்ல" என்று ஏணியை உங்கள் பக்கம் தள்ளியிருப்பார். இளகின ஆள், அதனால் ஏறினார். கால் வழுக்கியதை நான் பார்க்கவில்லை. தகரம் அதிர்ந்த சத்தம் கேட்டது, அப்புறம் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சுடுதண்ணீர் ஊற்றினாலும் தெரியாது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கட்டில்தான்.

அவர் விழுந்ததற்கு அடுத்த வார ஞாயிறு நீங்கள் சபையில் கண்ணீரோடு பேசினீர்கள். "அண்ணன் ஆர்வத்துல, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம ஏறிட்டாரு." எல்லோரும் ஐயோ என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொள்ள, கட்டிக்கொடுத்த மகளை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, ஜெபம் பண்ணச் சொல்லத்தான் அன்றைக்கு நான் வந்திருந்தேன். எழுந்து கத்தினேன். "நீங்கதானய்யா ஏறச் சொன்னீங்க!" பக்கத்தில் இருந்த பெண்கள் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். "அக்கா துக்கத்துல இருக்காங்க, ஜெபிப்போம்" என்று நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். எனக்காகச் சபையே ஜெபித்தது. என் வாயை அடைக்கக் கைதட்டிப் பாட்டும் பாடினார்கள்.

அதற்குப் பிறகு நான் அப்பம் எடுக்கவில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத்துண்டுகள் வைத்த எவர்சில்வர் தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அதற்கு முன்னால் நீங்கள் சொல்வீர்கள்: யார் மேலாவது கசப்பு இருந்தால் எடுக்காதீர்கள், போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள். எனக்குக் கசப்பு இருக்கிறது. அதனால் எடுக்கவில்லை. தட்டு என் கைக்கு வரும், நான் அடுத்த ஆள் கையில் கொடுப்பேன். சின்னச் சபை. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"எடுங்கக்கா. எம்புட்டு நாளைக்கு இப்படியே வீம்பு பிடிப்பீக?" என்று பக்கத்தில் உட்காருகிற பெண் காதில் சொல்லும்.

"நீ உன் துண்டைத் தின்னு" என்பேன்.

நீங்கள் முதலில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சாப்பிடுவீர்கள். ஒவ்வொரு மாதமும் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பேன். இறங்கிவிடும்.

பிறகு கடின இருதயத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பின. விடுதியில் கொண்டைக்கடலை வேகவைப்பேன். ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும், குக்கரில் எத்தனை விசில் விட்டாலும், சிலது அப்படியே கல்லாகக் கிடக்கும். பல்லில் பட்டால் வலிக்கும். நான் அதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். கேஸ் அடுப்பு முன்னால் நின்று நான் பண்ணின ஜெபம் இதுதான்: ஆண்டவரே, என்னை இளக வைக்காதே. இப்போது வேண்டாம். அந்த ஆள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன பிறகு இளக வை. அதற்கு முன்னால் இளகினால், அன்றைக்கு அந்த ஏணிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட ஒரே காதும் போய்விடும்.

ஆண்டவர் அதைக் கேட்கவில்லை.

போன மழைக்காலம். விடுதியில் வேலை முடிந்து சாயங்காலம் வந்தேன். கதவு திறந்து கிடந்தது. வாசலில் உங்கள் செருப்பு. அவருக்கு அப்பம் கொடுக்க மாதாமாதம் வருவீர்கள், தெரியும். உள்ளே அவர் சட்டை மாற்றி, பவுடர் போட்டு, சுத்தமாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பதினஞ்சு பேரை ஏத்தி ஓட்டின எனக்கு, இப்ப ஒரு ஆளு ஃபுல் சர்வீஸ் பண்ணிட்டாருடி."

பின்னால் போய்ப் பார்த்தேன். நீங்கள் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் மலத்தோடு கிடந்த படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தீர்கள். வேட்டியெல்லாம் தண்ணீர்.

"விடுங்க. நான் அலசிக்கிறேன்."

"இருக்கட்டும்க்கா. முடிஞ்சிருச்சு."

நான் நின்றேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "நீங்கதான ஏறச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கத்தவில்லை.

நீங்கள் நிமிரவில்லை. "ஆமாக்கா."

"அதைச் சபையில சொல்லுங்க."

"சொன்னா சபை நிக்காதுக்கா. இப்பதான் புதுசா நாலு குடும்பம் வருது. எல்லாம் சிதறிப்போகும்."

"உள்ள ஒரு ஆளு சிதறிக் கிடக்காரே, அது?"

நீங்கள் விரிப்பைத் தூக்கினீர்கள். தண்ணீர் குடித்த துணி, கனம். ஒரு ஆளால் பிழிய முடியாது. நான் மறுமுனையைப் பிடித்தேன். நீங்கள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்க, இரண்டு பேரும் பிழிந்து கொடியில் போட்டோம்.

அங்கேதான் எனக்கு அது நடந்தது. உங்கள் கையைப் பார்த்தேன், சோப்பில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். இத்தனை நாளாக நெஞ்சில் நின்றது கரைந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று ஜெபித்தும் வந்தது. உங்கள் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நீங்கள் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவும்போது, எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பாஸ்டர், அடுத்தவன் மலத்தை அள்ளுகிற உங்களுக்கு ஒரு வரி உண்மை சொல்ல முடியவில்லையே, அது எப்படி?

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "பாஸ்டர் ஒத்துக்கிட்டாரு."

"என்னத்த?"

"ஏறச் சொன்னது அவருதான்னு."

"அவரு எங்க சொன்னாரு? நானாத்தான ஏறினேன்."

உங்களைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று நினைத்தேன். "ஈரமா இருக்கு, காயட்டும்னு நீங்கதான சொன்னீக? நான் கேட்டேனே."

"அப்படியா சொன்னேன்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. நீங்கள் சொன்னது சபை வாயில் ஊறி, வந்து பார்க்கிற ஒவ்வொருத்தர் வாயிலும் ஊறி, கடைசியில் அவருக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெருமைடி. எல்லாருக்கும் முந்தி நான்தான் ஏறணும்னு ஒரு பெருமை. அதான் கர்த்தர் தள்ளிவிட்டாரு." அதற்காகத் தினமும் மன்னிப்புக் கேட்டு அழுகிறாராம். செய்யாத பாவத்துக்கு.

அவர் நெஞ்சு இளகியது உண்மை. அது ஆண்டவர் வேலை. ஆனால் அந்த இளகின இடத்தில் உங்கள் பொய்யைக் கொண்டுபோய் நட்டது யார்? அவருக்கு உங்களை மன்னிக்க ஒரு நிமிஷம் போதும், தம்பியை மன்னித்த ஆள். ஆனால் மன்னிக்க ஒரு தப்பு வேண்டும். அந்தத் தப்பை நீங்கள் எடுத்து அவர் தலையிலேயே வைத்துவிட்டீர்கள்.

இப்போது அவருக்குப் படுக்கைப் புண் எலும்பு வரை போய்விட்டது. காய்ச்சல் விடவில்லை. இனிமேல் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. உதடு மட்டும் அசைகிறது. குனிந்து கேட்டால் அதே மன்னிப்புதான். "என் பெருமைய மன்னியும்." நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நீங்களா ஏறலய்யா, நீங்களா ஏறல என்று சொல்கிறேன். என் வார்த்தை அவருக்குப் போதவில்லை. பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று என் கையைத் தட்டிக்கொடுக்கிறார்.

என் ஜெபம் மாறிவிட்டது. என்னை இளக வைக்காதே என்று இப்போது கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. பாஸ்டரை இளக வை என்று கேட்கிறேன். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோவதற்குள் இளக வை என்று கேட்கிறேன்.

வருகிற முதல் ஞாயிறு அவரைச் சபைக்குக் கொண்டுவருவேன். ஆட்டோ ஸ்டாண்டில் அவரோடு வண்டி ஓட்டினவர்கள் தூக்கி வருகிறோம் என்றிருக்கிறார்கள். உயிரோடு இருந்தால் கட்டிலோடு வருவார். முன்வரிசையில் வைப்பேன். எனக்கு போலீஸ் வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம், நீங்கள் சபையை விட்டுப் போகவும் வேண்டாம். உங்களை வெறுக்க எனக்குத் தெம்பும் இல்லை, அது குழாயடியிலேயே போய்விட்டது. தட்டை நானும் எடுக்கத்தான் ஆசைப்படுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை எடுக்க ஆசைப்படுகிறேன்.

அதனால் பாஸ்டர், நீங்கள் அப்பத்தைத் தொடுமுன், தட்டு என் கைக்கு வருமுன், அதே மைக்கில், அதே சபை முன்னால், அவர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள். அன்றைக்கு மழை நின்ற பிறகு, அந்த ஈரக் கூரை மேல் அவரை ஏறச் சொன்னது யார்?