காரத் தோட்டா

துப்பாக்கி ரிப்பேரில் ஒரு சங்கடம், ரிப்பேர் செய்தவனே முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும். ரேடியோ, தையல் மெஷின் பார்க்கும் சகோதரர்களே, உங்கள் பாடு எவ்வளவோ தேவலாம். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில், ஒரு துப்பாக்கிக் கடையின் பின்பக்கம், குண்டை வாங்கிக்கொள்ளும் மணல் பீப்பாய்க்கு எதிரே நின்று காலம் தள்ளியவன் நான்.

பத்தியச் சாப்பாடு

அந்தோணி, சுங்காய்ப் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சம்பளப் பெட்டிக்குக் காவலாக ஒரு பழைய ரிவால்வர் வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளப்பில் சுட்டுப் பழகுவார். அப்போது கடைக்குப் புதுத் தோட்டா வந்தது. அளவு அதேதான், மருந்து மட்டும் கூடுதல். பழைய ரிவால்வர் தாங்காது, வழக்கமானதையே வாங்குங்கள் என்றேன். வழக்கமான தோட்டாவைக் கையில் உருட்டிப் பார்த்து முகம் சுளித்தவர், காரமான புதுசையே வாங்கிக்கொண்டார்.

“இது பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு அண்ணே, சுட்ட மாதிரியே இல்ல லா.”

ஆட்டம்

ஆறே மாதத்தில் ரிவால்வர் என் மேசைக்கு வந்தது. தோட்டா நிற்கும் உருளை, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அது குழலுக்கு நேராக நிற்காவிட்டால் ஒருநாள் கையிலேயே வெடிக்கும் என்று சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து, சாதாரணத் தோட்டா போட்டு நானே சுட்டும் காட்டினேன். அவர் ரிவால்வரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே காரத் தோட்டாவில் ஒரு பெட்டி கேட்டார்.

“அதான் நீங்க இருக்கீங்களே, பயம் என்ன?”

தவுக்கே சொன்னது

அந்தோணிக்கு அதை விற்காதீர்கள் என்று கடை முதலாளியான தவுக்கேயிடம் கெஞ்சினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“துப்பாக்கி ஆடலன்னா உனக்கு வேலை ஏது லா?”

யார் கை?

மறுவருஷம் ரிவால்வர் திரும்ப வந்தபோது உருளை ஆடியது மட்டுமல்ல, அதைத் தாங்கும் இரும்பிலேயே மயிரளவு கீறல். இது இனி ஆகாது என்றேன். நாளைக்குச் சம்பள நாள், எப்படியாவது ஒருமுறை சுட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு உண்மையாகவே பயம். களைப்பும்தான். ரிவால்வரையும் அவருடைய காரத் தோட்டா ஒன்றையும் மேசையில் அவர் பக்கம் தள்ளி, நீங்களே சுட்டுப் பாருங்கள் என்றேன். அந்தோணி மணல் பீப்பாயைப் பார்த்தார், கீறலைப் பார்த்தார், இரண்டையும் மெதுவாக என் பக்கமே நகர்த்தினார்.

“நான் புள்ளகுட்டிக்காரன் அண்ணே, நீங்களே சுடுங்களேன்.”

என் மூன்று பிள்ளைகளில் கடைசியவளுக்கு ஞானஸ்நானத்தன்று ஞானத்தகப்பனாக நின்றவரே அவர்தான் என்பதை, ரிவால்வரை அலமாரியில் வைத்துப் பூட்டியபடி அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.